பெஞ்சோடு போனவர்

பேக்கரிக்காரருக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். கடையின் பின்கட்டில் மாவு பிசையும் மேஜை மேல் ஓங்கி ஒரு அறை விழும். மாவு குபீரென்று கிளம்பும். அதற்குள்ளிருந்து புருவம் வரை வெளுத்த முகத்தோடு அவர் வெளியே வந்து, "இனிமே இந்த வீட்ல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். நான் போறேன்!" என்பார்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, ரொட்டி வாங்க வந்தவருக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "மழை வர்ற மாதிரி இருக்கு. குடையை எடுத்துக்கிட்டுப் போங்க" என்பாள்.

இப்படிப் போவதற்கென்றே கட்டிலுக்கு அடியில் ஒரு தோல் பெட்டி தயாராக இருந்தது. உள்ளே சட்டை, துண்டு, சவரச் சாமான். ஒரே மடிப்பில் கிடந்தால் துணி நாறிப்போகும் என்று மனைவிதான் அவ்வப்போது அவற்றை எடுத்துத் துவைத்து, காயப்போட்டு, மறுபடி அடுக்கி வைப்பாள். இது பேக்கரிக்காரருக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு போகிறவனுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுக்கிறாளே என்று அதற்காகவும் ஒரு முறை கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்.

போவது ரயிலடிக்கு. அப்போது ரயிலடி ரயிலடியாக இருந்தது. பொழுது விடிந்து பொழுது போவதற்குள் மேலே போகிற வண்டியோ கீழே போகிற வண்டியோ ஒன்று மாற்றி ஒன்று வந்து நிற்கும். டீக்கடை, பத்திரிகைக் கடை, எடை பார்க்கும் மிஷின், பெட்டி தூக்குகிற ஆட்களின் சண்டை என்று சந்தை போல இரையும். பிளாட்பாரத்தின் நடுவில் கூரைக்குக் கீழே ஒரு தேக்குப் பெஞ்சு. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். பேக்கரிக்காரர் உட்கார்ந்தால் மிச்சம் ஒருவருக்குத்தான் இடம். அதில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடி உம்மென்று உட்கார்ந்திருப்பார்.

கொஞ்ச நேரத்தில் மனைவியின் தம்பி வந்து சேருவான். பேக்கரியின் வேனை ஓட்டிக் கடை கடையாக ரொட்டி போடுகிறவன் அவன்தான்.

"அத்தான், அக்கா வரச் சொன்னா."

"எந்த அக்கா?"

"என் அக்காதான்."

"உன் அக்காவுக்கு நான் யாரு?"

இந்தக் கேள்விக்கு மட்டும் மச்சானால் இன்று வரை பதில் சொல்ல முடிந்ததில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் தம் அறையிலிருந்து வெளியே வருவார். ஒல்லியான மனிதர். கோட்டு அவரைப் போட்டிருக்கிறதா, அவர் கோட்டைப் போட்டிருக்கிறாரா என்று சந்தேகம் வரும். "போங்க சார். அடுப்பு அணைஞ்சிடப் போகுது" என்பார்.

அடுப்பு என்றதும் பேக்கரிக்காரர் எழுந்துவிடுவார். "அந்த அடுப்புக்காகத்தான் வர்றேன். வேற யாருக்காகவும் இல்ல, சொல்லிட்டேன்."

மச்சான் வர நேரமானால் ஸ்டேஷன் மாஸ்டரே சமாளிப்பார். தூரத்தில் கைகாட்டி இறங்கியிருக்கும், வண்டி ஊதுவது காதில் விழும். ஆனாலும் அவர் வந்து, "உங்க வண்டி இது இல்ல சார். உங்க வண்டி இன்னிக்கு லேட்டு" என்று கூசாமல் சொல்வார். தம் வண்டி எது என்று பேக்கரிக்காரரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவைதான் நிலைமை கைமீறிப் போயிற்று. வேனுக்கு வழியில் டயர் வெடித்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டரோ காய்ச்சலென்று லீவு. வண்டி வந்து நின்றது. கார்டு இறங்கி வந்து, பெட்டியும் கையுமாக இருந்தவரைப் பார்த்து, "ஏறலியா சார்?" என்றார். பேக்கரிக்காரர் வெடுக்கென்று குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தார். வண்டி கிளம்பிக் கடைசிப் பெட்டியும் மறையும் வரை நிமிரவே இல்லை. அன்றைக்கு அவர் காலில் கிடந்தது செருப்பு.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கமாக, தூரம் குறைவென்று புது லைன் போட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில் மெயில் வண்டி நிற்பதை விட்டது. விசில் அடித்துக்கொண்டு, தெரியாதவர் வீட்டைத் தாண்டிப் போவது போல விரைந்து போயிற்று. பிறகு அந்த வழியாக வருவதையே விட்டுவிட்டது. கூட்டம் குறைந்ததும் டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். பத்திரிகைக் கடையில் பழைய பத்திரிகை மட்டும் தொங்கியது, பிறகு அதுவும் இல்லை. எடை பார்க்கும் மிஷின் யார் ஏறினாலும் ஒரே எடையைக் காட்ட ஆரம்பித்தது. பேக்கரிக்காரருக்கு அது ஒன்றுதான் ஆறுதல். கடைசியில் மிஞ்சியது காலையில் வந்துபோகும் ஒரு பாசஞ்சர்.

இங்கேதான் சிக்கல். பேக்கரிக்காரர் வீட்டில் சண்டை வருவது சாயங்காலம். ரயில் இல்லாத நேரத்தில் கோபித்துக்கொண்டு போய் ரயிலடியில் உட்கார்ந்தால் யார் மதிப்பார்கள்? கோபத்தைக் காலை வரை வைத்திருந்து பார்த்தார். இரவெல்லாம் ஊறினால் பொங்கி நிற்கும் என்று எதிர்பார்த்தார். புளித்துப் போனதுதான் மிச்சம். விடிந்து பார்த்தால் எதற்குக் கோபம் என்பதே மறந்துவிட்டிருக்கும். "நேத்து நான் எதுக்குக் கத்தினேன்?" என்று மனைவியிடமே கேட்க வேண்டியதாயிற்று.

"பஸ்ல போங்களேன்" என்றாள் அவள்.

அதையும் செய்து பார்த்தார். பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததுதான் தாமதம், ஒரு கண்டக்டர் "வாங்க வாங்க, இடம் இருக்கு" என்று பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தார். இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளினார். "ஐயா, நான் கோபமா..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பஸ் ஊரெல்லையைத் தாண்டிவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, இருட்டில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வீடு வந்தார். கோபப்பட்டவன் உட்கார்ந்து யோசிக்க ஓர் இடம் வேண்டாமா? இந்தப் பஸ்காரர்கள் மனுஷனை நிஜமாகவே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்களே! அன்றோடு பஸ்ஸைத் தலைமுழுகினார்.

பிறகு அந்தப் பாசஞ்சரும் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டரை ஜங்ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்று பேக்கரிக்கு வந்து, ரஸ்க் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "சார், இனிமே கோபம் வந்தா கொஞ்சம் அடக்கிக்கங்க. போங்கன்னு சொல்ல அங்க ஆள் இல்ல" என்றார். பேக்கரிக்காரர் விறுவிறுவென்று அலமாரியைத் திறந்தார். கடையில் இருந்த பெரிய கேக்கை எடுத்து அவர் கையில் திணித்தார். அந்த கேக் வேறொருவர் வீட்டுப் பிறந்த நாளுக்குச் செய்தது. அதன் மேல் எழுதியிருந்த பெயரைப் பற்றி ஸ்டேஷன் மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

சில மாதம் பேக்கரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். அதற்கும் ஒரு முடிவு வந்தது.

அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. மச்சான்தான் மாவு பிசைந்தான். உடம்பு தேறி அவர் மறுபடி வேலைக்கு வந்த மறுநாள் காலை, கடை நிறையக் கூட்டம். பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருவர், "என்னம்மா, போன வாரம் ரொட்டி பஞ்சு மாதிரி இருந்துச்சே! இப்ப பழையபடி ஆயிடுச்சு?" என்று கேட்டார்.

மனைவி ஒரு விகல்பமும் இல்லாமல், "போன வாரம் அவருக்குக் காய்ச்சலுங்க" என்றாள்.

கடை முழுக்கச் சிரித்தது. பின்கட்டில் மேஜை மேல் விழுந்த அறையில் முட்டைக் கூடை துள்ளியது.

"நான் போறேன்!"

"எங்க?" என்றாள் மனைவி. கேலியாக இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் அவருக்கு இன்னும் சுட்டது.

பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போனார். டிக்கெட் ஜன்னலில் பலகை அடித்திருந்தது. பிளாட்பாரத்து வெடிப்புகளில் முழங்கால் உயரத்துக்குப் புல். ஊர்ப் பெயர் எழுதிய பலகையைக் கழற்றியிருந்தார்கள், கம்பங்கள் மட்டும் நின்றன. பெஞ்சில் ஓர் ஆடு படுத்திருந்தது. அதனிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, மூன்றாம் தடவை கெஞ்சி, இடம் வாங்கி உட்கார்ந்தார்.

மச்சான் வரவில்லை. வெயில் கூரையின் ஓட்டைகள் வழியாக ஒவ்வொரு பலகையாக நகர்ந்தது. பசித்தது. மச்சான் வரத்தான் கிளம்பினானாம். "எங்க போயிடப் போறாரு? ரயில்தான் இல்லையே. பசிச்சா வருவாரு, நீ டெலிவரியை முடி" என்று அக்காதான் தடுத்துவிட்டாளாம். இது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரியாமலே அவர் கண் கலங்கியது. கூப்பிட ஆள் வந்தால் ஒழிய இந்த இடத்தை விட்டு அசைவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டார்.

அப்போது தூரத்தில் ஒரு விசில் கேட்டது.

 இந்தத் தண்டவாளத்தில் ரயிலா? கை தன்னால் செருப்பை நோக்கிப் போயிற்று. ஆனால் வந்தது ஒரு கிழட்டு இன்ஜினும், அதன் பின்னால் திறந்த வேகன் ஒன்றும். வேகனில் கம்பி, கடப்பாரை, ஒரு கூட்டம் ஆட்கள். தலையில் துண்டு கட்டிய மேஸ்திரி முதலில் குதித்தார்.

"யாருய்யா அது? எந்திரிங்க, பெஞ்சை எடுக்கணும்."

"நான் பாசஞ்சர்."

மேஸ்திரி இரண்டு பக்கமும் பார்த்தார். புல்லைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். "எந்த வண்டிக்கு?"

"அது உங்களுக்கு எதுக்கு? நான் எந்திரிக்க முடியாது."

"கால் சரியில்லையா?"

"காலுக்கு என்ன? வீட்டு விஷயம்."

மேஸ்திரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவருக்கும் வீடு இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு, "யாராவது கூப்பிட வருவாங்களா?" என்றார்.

"வரணும். வரல."

"எனக்கும் இதே கதைதாங்க. ஆனா இந்த பெஞ்சு சாயங்காலத்துக்குள்ள ஜங்ஷன்ல இருக்கணும். இல்லேன்னா மேல இருக்கிறவன் என்னைத் தின்னுடுவான்."

"பெஞ்சு போனா நானும் போறேன்."

அது வாயில் வந்த பேச்சு, அவ்வளவுதான். ஆனால் மேஸ்திரி பேச்சைப் பேச்சாக எடுத்துக்கொள்ளும் ரகம். ஆட்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஆளுக்கொரு கால் என்று பிடித்தார்கள். "ஐயோ, பெஞ்சு கனமா இருக்கே" என்று ஒருவன் முனகினான். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, பேக்கரிக்காரர் பெஞ்சோடு வானத்தில் எழும்பி, வேகனின் நடுவில் போய் இறங்கினார். இப்போது இறங்கிவிடலாமா என்று அவர் யோசிப்பதற்குள் இன்ஜின் ஊதியது.

ரயில் பாதையும் தார் ரோடும் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். டெலிவரி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த மச்சான் அந்த ரோட்டில் வந்தான். திறந்த வேகனில், பெஞ்சின் மேல், துண்டு காற்றில் பறக்க அத்தான் சிம்மாசனத்தில் ராஜா போலப் போவதைக் கண்டு பிரேக்கை மிதித்தான். கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தான்.

"அத்தான்! எங்க போறீங்க?"

"இறக்கி விடச் சொல்லுடா" என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், வந்தது வேறு. "நான் வரமாட்டேன்னு உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லு!"

மச்சான் சொல்லப் போய்விட்டான்.

ஜங்ஷனில் பெஞ்சை ஒரு கொட்டகையில் வைத்தார்கள். அங்கே ஊர் ஊராகக் கழற்றிய பெஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று கிடந்தன. "இனிமே நீங்களே எந்திரிச்சாத்தான் உண்டு. கொட்டகையைப் பூட்டணும்" என்று மேஸ்திரி சிரித்தார். பேக்கரிக்காரர் எழுந்தார். கால் மரத்துப் போயிருந்தது.

வெளியே வந்தால் தலை சுற்றியது. எண்ணி முடியாத பிளாட்பாரங்கள். ஒரு வண்டி போவதற்குள் இன்னொரு வண்டி. எல்லாத் திசைக்கும் ரயில்! கோபித்துக்கொண்டு போகிறவனுக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா? வரிசையில் நின்று ஜன்னலுக்குப் போனார்.

"எங்க போகணும்?" என்றாள் உள்ளே இருந்த பெண்.

 இன்றைக்கு முன்னால் ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் தம் ஊர்ப் பெயரையே சொன்னார்.

"அப்படி ஒரு ஸ்டேஷனே இல்லையே சார்."

"நான் அங்க இருந்துதாம்மா வர்றேன்!"

"எந்த வண்டில?"

பேக்கரிக்காரர் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். "விசாரணை ஜன்னல்ல கேளுங்க" என்று கை காட்டினாள்.

விசாரணை ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால், கோட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு, சுற்றி நின்று கத்துகிறவர்களுக்கெல்லாம் "லேட்டு, லேட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் யார் என்று பார்த்தால், அவர்களுடைய ஸ்டேஷன் மாஸ்டர். பேக்கரிக்காரரைக் கண்டதும் மனிதர் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டார்.

"சார்! ரயில்லயா வந்தீங்க? நம்ம ஸ்டேஷன்ல இருந்தா?"

"பெஞ்சுல வந்தேன்" என்றார் பேக்கரிக்காரர். நடந்ததைச் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்கக் கூடாது என்று முயன்று, முடியாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். "இங்க தினமும் ஆயிரம் பேர் எங்கிட்ட கத்துறான் சார். ஒருத்தன்கூட உங்கள மாதிரி நிதானமா உக்காந்து கோபப்படறதில்ல" என்றார்.

டீ முடிவதற்குள் பிளாட்பாரத்தில் ஒரு குரல் கேட்டது. "அந்தாளு எங்கடா?"

அவர் மனைவி. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், கன்னத்தில் மாவோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் வேன் சாவியும் கையுமாகத் தம்பி. இத்தனை வருஷத்தில் அவரைக் கூப்பிட அவளே வந்தது இதுதான் முதல் தடவை. பேக்கரிக்காரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முகத்தை மட்டும் சிரமப்பட்டுக் கடுப்பாக வைத்துக்கொண்டார்.

"உன்னை யாரு வரச் சொன்னா?"

"பெஞ்சோட தூக்கிக்கிட்டுப் போனாங்களாமே! பொணத்தைத் தூக்கற மாதிரி! இவன் வந்து சொன்னப்ப எனக்கு உசிரே இல்ல." மூச்சு வாங்க, அங்கே கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள். எதிரே ஒரு வண்டி நின்றது. ஜன்னல்களில் முகங்கள், கையசைப்புகள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க போலாம் அக்கா. அடுப்பு அணைஞ்சிடும்" என்றான் தம்பி.

"அணையட்டும்."

ஆண்கள் மூவரும் திடுக்கிட்டார்கள்.

"உங்களுக்குக் கோபம் வந்தா ரயிலடி. காத்தாட உக்காந்துட்டு வருவீங்க. எனக்குக் கோபம் வந்தா எங்க போவேன்? கல்லாவை விட்டு எந்திரிச்சிருக்கேனா ஒரு நாள்? ரயில் சத்தம் கேட்டே பாதி ஆயுசு போச்சு. ஒரு ரயில்ல ஏறினதில்ல நான்." ஏப்ரனை அவிழ்த்துத் தம்பி கையில் கொடுத்தாள். "நீ போய் மாவைப் பிசை. உன் ரொட்டிதான் பஞ்சு மாதிரி இருக்காமே."

பேக்கரிக்காரர் எழுந்து அவள் முன்னால் நின்றார். யாரையும் சமாதானம் செய்து அவருக்குப் பழக்கமில்லை. செய்யப்பட்டே பழகியவர். மச்சான் வழக்கமாகச் சொல்வதை நினைவுபடுத்திக்கொண்டு, "வீட்டுக்கு வா" என்றார்.

"நான் யாரு உங்களுக்கு?"

பேக்கரிக்காரர் மச்சானைப் பார்த்தார். அவன் உதட்டைப் பிதுக்கினான். அத்தனை வருஷமும் பையன் என்ன பாடு பட்டிருப்பான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்தார். அவர் கையை வாய்க்கு மறைவாக வைத்து, "கடல் இருக்கிற ஊருக்கு இப்ப ஒரு வண்டி இருக்கு சார்" என்றார். "இது நிஜமாவே உங்க வண்டி. லேட்டும் இல்ல."

ஓடிப்போய் டிக்கெட் எடுத்தார். அதே பெண் "எங்க?" என்றதும், "கடலுக்கு!" என்று ஜன்னல் அதிரக் கத்தினார்.

வண்டி கிளம்பியபோது அவர் மனைவி ஜன்னலோரத்தில் இருந்தாள். அந்த இடம் தமக்கு என்று நினைத்துக்கொண்டுதான் அவர் ஏறினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே இருந்த குடும்பத்தோடு அவள் சிநேகமாகிவிட்டாள். பேக்கரி, முட்டை விலை, பெஞ்சு, காய்ச்சல் எல்லாம் அந்தப் பெட்டி முழுக்கத் தெரிந்துபோயிற்று. நடுவில் தட்டில் ரொட்டி விற்றுக்கொண்டு ஓர் ஆள் வந்தான். இருவரும் ஆளுக்கொரு துண்டு வாங்கினார்கள். அவள் ஒரு கடி கடித்தாள். மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"தூ, செங்கல்லு! உங்க ரொட்டி இதுக்கு எவ்வளவோ தேவலைங்க" என்றாள்.

பேக்கரிக்காரர் காது வரை சிவந்தார். கல்யாணமான நாளாய் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்தச் செங்கல்லை மிச்சம் வைக்காமல், ருசித்து ருசித்துத் தின்றார். இன்னொன்றும் வாங்கினார்.

ஊர் திரும்ப ரயில் இல்லாததால் பஸ்ஸில்தான் வந்தார்கள். கடல் காற்றில் கறுத்துப்போய், பையில் கிளிஞ்சல், கூடையில் யாரோ கொடுத்த முருங்கைக்கன்று. ரயிலடி ஸ்டாப்பில் பஸ் நின்றது. இறங்குகிறவர் இல்லை. கண்டக்டர் வெறுமே "ரயிலடி, ரயிலடி" என்று கத்தினார். ஸ்டேஷன் கூரையின் ஓடுகளைப் பிரித்துவிட்டிருந்தார்கள். உள்ளே பார்த்தால் வானம் தெரிந்தது. வெயிட்டிங் ரூமில் இருந்த ஆளுயர நிலைக்கண்ணாடியை இரண்டு ஆட்கள் வெளியே தூக்கி வந்து, பஸ் போகட்டும் என்று ரோட்டோரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதில் பஸ்ஸின் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் தலை கலைந்த ஒரு பெண். அவள் தோளில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற ஒரு பருத்த மனிதர். ரசம் போன கண்ணாடியில் இருவருக்கும் முகமெல்லாம் அம்மைத் தழும்பு போலப் புள்ளி. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோள் குலுங்கியதில் அவர் விழித்துக்கொண்டார்.

"என்ன? வந்தாச்சா?"

"இல்ல, தூங்குங்க" என்றாள். பஸ் கிளம்பியது.